கிக் அவுட் என்றால்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மூன்று மணிக்கு மேல் நாலு தூறல். அதற்கே கரண்ட் போய்விட்டது.

இன்று ஆடிட். கம்பெனியிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் நம் லேடீஸ் ஆஸ்டலைப் பார்க்க வருகிற நாள். ஒரு வாரமாக வேறு வேலையே இல்லை. பாத்ரூம் கதவுகளுக்குப் பெயின்ட். தொட்டி கழுவியது. மெஸ்ஸில் புதிதாக ஒரு புகார்ப் பெட்டி, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் வழக்கமான கூத்து. ரூமுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், ஆறு பேர் என்று காட்ட வேண்டும். ஆகவே ரூமுக்கு நாலு மெத்தை மொட்டை மாடிக்கு, மேலே தார்ப்பாய். மிச்சமான பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வல்லக்கோட்டைக் கோயிலுக்கு. ஒவ்வொரு ஆடிட்டுக்கும் இப்படித்தான். பஸ் ஏறும்போது ஒருத்தி கத்தினாள்.

"ஆடிட் வந்தாத்தான்டி முருகனுக்கு நம்ம ஞாபகம் வருது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா. என் வயசு இருக்கும். கரண்ட் போனதும் எச்.ஆர். விக்னேஷ் ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினார். மொழிபெயர்க்க வந்த பையன் சிகரெட்டுக்கு ஒதுங்கினான். அந்த அம்மா வராந்தாவில் தனியாக நின்று பெண்களிடம் என்னவோ கேட்கிறார். இவளுகள் ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒளிந்துகொண்டு இளிக்கிறாளுகள். வார்டனான எனக்கு மானமே போயிற்று. அப்போதுதான் இசக்கி ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டேன்.

"இவ நல்லா இங்கிலீஷ் பேசுவா மேடம்."

பேசினாள் பாருங்கள்! தென்காசிப் பக்கத்துப் பெண், பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு இங்கே லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்குகிறாள். தடங்கல் இல்லாமல் பத்து நிமிஷம். அந்த அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு வரி புரியவில்லை. பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். விக்னேஷ் திரும்பி வந்தபோது அவர் முகம் ஏன் அப்படிப் போனது என்று தெரியவில்லை. ஜெனரேட்டர் கோளாறு போலும்.

ஜூலை 10, வியாழன்

வெயில். குழம்புக்கு முருங்கைக்காய் வரவில்லை, மறுபடி பூசணி. மெஸ்ஸில் காதில் விழுந்தது: "பூசணிக்காயத் திருஷ்டிக்கு ஒடைப்பாக, இங்க தெனம் தட்டுல ஒடைக்காக."

மூன்றரைக்கு இங்கிலீஷ் பாடம். மூன்று வாரமாக நடக்கிறது. பழைய எச்.ஆர். போனில் கூப்பிட்டுத் தமிழில் திட்டுவார், விஷயம் புரிந்துவிடும். இந்த விக்னேஷ் திட்டுவதில்லை. எல்லாம் வாட்ஸ்அப், எல்லாம் இங்கிலீஷ். பத்தாவது தமிழ் மீடியத்தில் பாஸான நான் ஒவ்வொரு மெசேஜையும் தூக்கிக்கொண்டு யாரிடமாவது போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் இசக்கியே சொன்னாள், "எத்தன நாளைக்குக்கா கேட்டுக்கிட்டே இருப்பீங்க? நான் சொல்லித் தாரேன்." பதிலுக்கு நான் அவளுக்கு என் கெட்டிலில் டீ போட்டுத் தருகிறேன். ரூமில் கெட்டில் வைக்கக் கூடாது என்பது ரூல். ரூலைச் சுவரில் ஒட்டியது நானேதான்.

இன்று படித்தது: ஷிஃப்ட், ரிப்போர்ட், இமீடியட்லி. எல்லாம் அவசரமான வார்த்தைகள்.

ஜூலை 12, சனி

மதியம் எச்.ஆர். மெசேஜ். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன், எனக்கே ஆச்சரியம்.

'டோக்கன் 7316. கிக் அவுட் பிஃபோர் ட்வென்டியத். நோ நாய்ஸ் ப்ளீஸ்.'

டோக்கன் என்பது பெண்கள் கழுத்தில் தொங்குகிற டேக்கில் இருக்கும் நம்பர். எச்.ஆருக்குப் பெயர் தெரியாது, நம்பர்தான். எனக்கு நம்பர் தெரியாது, முகம்தான். இருபது என்பது தேதி. நாய்ஸ் என்றால் சத்தம். நடுவில் இருப்பதுதான் புரியவில்லை. பாடத்துக்கு வந்த இசக்கியிடம் போனை நீட்டினேன்.

"கிக்னா உதை, அது எனக்கே தெரியும். கூட அவுட் போட்டா இன்னாடி அர்த்தம்?"

போனை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"வெளிய தள்ளுததுன்னு அர்த்தம்க்கா."

"உதைச்சா?"

"உதைக்கணும்னு இல்ல. காலு படாமயும் செய்யலாம். வாயால சொன்னாப் போதும். சொல்லாமக்கூட செய்வாங்க."

"அப்போ வேலைய வுட்டு நின்னுகினாளே போன மாசம் ஒருத்தி, அதுவும் கிக் அவுட்டா?"

"இல்லக்கா. அவளாப் போனா. இருக்கணும்னு நெனைக்கிற ஆள அனுப்புனாத்தான் இந்த வார்த்த. வீட்ட விட்டு, வேலைய விட்டு, காலேஜ விட்டு, எதுக்கும் சொல்லலாம். த்ரோ அவுட்னும் சொல்லுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான், மரியாத கெடையாது ரெண்டுலயும்."

உதாரணம் கேட்டேன். நிதானமாகச் சொன்னாள். 'மை பிரதர் கிக்ட் மீ அவுட்.' அது உதாரணம் இல்லை, நிஜம் என்று எனக்குத் தெரியும். அண்ணன் தன் மச்சானுக்கு இவளைக் கட்டிவைக்கப் பார்த்தான். மாட்டேன் என்றதற்கு இவள் பையைத் தூக்கித் தெருவில் போட்டான். பஸ் ஏறி இங்கே வந்தவள்தான்.

அடுத்து என் முறை. எனக்கும் அதே வாக்கியம்தான் பொருந்தும். என் அண்ணன் என்னைப் போ என்று ஒருநாளும் சொன்னதில்லை. புருஷன் விட்டுப் போன பிறகு சேரப்பணஞ்சேரியில் அப்பா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தேன். கம்பெனிகள் வந்தன, நிலம் போனது, அண்ணன் காலி இடமெல்லாம் கம்பெனி வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகை ரூம் கட்டினார். ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன், என் அறைக் கதவிலும் பெயின்டில் ஆறு என்று நம்பர் போட்டிருக்கிறது. யாரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நானே இந்த வார்டன் வேலைக்கு வந்தேன்.

இதைச் சொன்னதும் இசக்கி கேட்டாள், "சொல்லாமக்கூட செய்வாங்கன்னு சொன்னேம்லாக்கா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் கேட்டாள்.

"இந்த நம்பரு யாருன்னு பாத்தீங்களா?"

"எவளோ. திங்கக்கெழம ஆபீஸ்ல கேட்டாத் தெரியும். எந்தக் கழுத இன்னா பண்ணிச்சோ."

"சரிக்கா."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று. யூனிஃபார்ம் துவைக்கிற நாள். மொட்டை மாடி முழுக்க நீலச் சட்டை. ஆடிட்டுக்கு ஏற்றிய மெத்தைகள் இறங்கிவிட்டன, தார்ப்பாய் மட்டும் கிடக்கிறது.

துவைக்கும்போது டேக்கைக் கழற்றிக் கொடிக்கம்பியில் மாட்டி வைப்பார்கள். துணி எடுக்கப் போனவள் ஒரு டேக் கீழே விழுந்து கிடக்கிறதே என்று எடுத்தேன். இசக்கி போட்டோ. போட்டோவிலும் சிரிக்கவில்லை. கீழே 7316.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றை ஏழென்று பார்க்கிறேனோ என்று கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன்.

அவளை வெளியே தள்ளச் சொல்லி வந்ததை அவளிடமே நீட்டி அர்த்தம் கேட்டிருக்கிறேன். உதாரணம் வேறு. எந்தக் கழுத என்று வேறு. தூ.

டேக்கைப் பழையபடி கம்பியில் மாட்டிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் வரிசையில் நின்றாள். நான் ஸ்டோர் ரூமுக்குள் போய் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 14, திங்கள்

விக்னேஷுக்கு நானே போன் போட்டேன். மெசேஜ் இல்லை, போன்.

"அந்தப் பொண்ணு இன்னா சார் பண்ணுச்சு?"

"அக்கா, நீங்கதானே பக்கத்துல நின்னீங்க! ரூமுக்குப் பத்துப் பேரு, நாலு பேர கோயிலுக்கு அனுப்பிட்டாங்க, மெத்தையெல்லாம் மாடியில இருக்குன்னு புட்டுப் புட்டு வச்சிருக்கா. நீங்க யெஸ் யெஸ்னு தலையாட்டுனீங்களாம். அந்த லேடி அதையும் ரிப்போர்ட்ல போட்டிருக்கு, வார்டனும் கன்ஃபர்ம் பண்ணாங்கன்னு. உங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்னு நான்தான் பெரியவங்ககிட்ட பேசிக் காப்பாத்தி வச்சிருக்கேன்."



"சின்னப் பொண்ணு சார். ஒரு வார்த்த கண்டிச்சு வுட்டுடலாம்."

"லைன்ல இருந்து ரிலீஸ் போட்டாச்சுக்கா, பத்தொம்பதோட முடியுது. ஆஸ்டல் மட்டும் நீங்க பாத்துக்கங்க. நாம வெளிய அனுப்புன மாதிரி இருக்கக் கூடாது, அதுவும் இப்போ. அவளா போன மாதிரி இருக்கணும். எப்பவும் பண்ணுவீங்களே, அந்த மாதிரி."

"அதுக்கு ஏன் சார் கிக் அவுட்னு போட்டீங்க?"

"வெகேட், டிஸ்கன்டின்யூனு போட்டா உங்களுக்குப் புரியாதேன்னு ஈஸியா போட்டேன்."

அக்கறைதான். வைக்கிறதுக்கு முன்னால் மெதுவாகச் சொன்னார், "அக்கா, உங்க வேலையும் இதுல இருக்கு." மிரட்டல் மாதிரி இல்லை, கரிசனம் மாதிரித்தான் இருந்தது. இந்த வேலை போனால் நான் எங்கே போய்ப் படுப்பேன்? ஆறாம் நம்பர் ரூமிலா?

ஜூலை 16, புதன்

எப்பவும் செய்கிற மாதிரி என்றால் இதுதான். இந்த ஆஸ்டலிலிருந்து இதுவரை யாரையும் துரத்தியதில்லை என்று நான் பெருமை அடித்துக்கொள்வேன். எவளையாவது அனுப்ப வேண்டும் என்றால் அவள் வீட்டுக்குப் போன் போடுவேன். "பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல, வந்து கூட்டிகினு போங்க." அப்பாவோ அண்ணனோ ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கிப் பதறிக்கொண்டு வருவார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பெண் விழிக்கும். அதற்குள் நான் பெட்டியைக் கீழே இறக்கியிருப்பேன். அப்பா முன்னால் எந்தப் பெண் சண்டை போடும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடும். சத்தம் கிடையாது. வார்டன் அக்கா வீட்டுக்குப் பேசினால் பெட்டியைக் கட்டு என்று பெண்களுக்குள் ஒரு பேச்சே உண்டு.

இசக்கிக்கு அப்பா இல்லை. அண்ணன் நம்பர்தான் இருந்தது. போடாதே என்று ஒரு மனசு. எத்தனை நாள் கோபம் இருக்கும், தங்கச்சிதானே, இளகியிருப்பான் என்று ஒரு மனசு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"யாரு பேசுதது?"

சொன்னேன். உடம்பு என்றும் சொன்னேன். அவன் உடம்புக்கு என்ன என்றே கேட்கவில்லை.

"வேலையில வச்சிருக்காகளா, நிப்பாட்டிட்டாகளா?"

நான் இழுத்ததிலேயே புரிந்துகொண்டான். குரலில் சந்தோஷம்.

"ஞாயித்துக்கெழம வாரேன். பெட்டியக் கெட்டி வைக்கச் சொல்லுங்க. ஆவணியில முகூர்த்தம் இருக்கு, சோலிய முடிச்சிருதேன்."

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. பருப்பு நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாயிற்று. மழை இல்லை, மேகம் மட்டும்.

ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் சேரப்பணஞ்சேரி. அண்ணன் வெளியே போயிருந்தார், அண்ணிதான். வாசலில் பதினோரு ஜோடி செருப்பு, எல்லாம் பையன்களுடையது. இசக்கிக்கு ஒரு மாசத்துக்கு ஓர் இடம் கேட்டேன். வேறு வேலை கிடைக்கும் வரைக்கும். மாடியில் சாமான் போடுகிற அறையானாலும் போதும் என்றேன்.

"இன்னா கௌரி நீ, தெரிஞ்சுகினே கேக்குற? பசங்க இருக்கற வூட்ல வயசுப் பொண்ண எங்க வெக்கிறது? டேக் கீதா அவகிட்ட?"

"இல்ல அண்ணி. வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க."

"டேக் இல்லாம இந்த ரோட்ல எவனும் ரூம் வுட மாட்டான். நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுனா யார் பதில் சொல்றது?"

சரியான பேச்சுதான். நானே பலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆறாம் நம்பர் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று பையன்கள் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார்கள். என் சாமி மாடத்தில் ஷேவிங் பிரஷ். அண்ணி காபி குடித்துவிட்டுப் போ என்றாள். வேண்டாம் என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. மெஸ்ஸில் கூழ். பாதிப் பேர் முகம் சுளித்தார்கள், தெற்கத்திப் பெண்களுக்கு இந்தக் கூழ் பிடிக்காது.

கடைசியில் நானே கூப்பிட்டேன். பாடத்துக்கு இல்லை. அவள் வந்து எப்போதும் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தாள். கெட்டிலைப் போடவில்லை.

"நம்பர் ஒன்னுதுன்னு எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது."

நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியாதாக்கா?"

"தெரிஞ்சா ஒங்கிட்டயே வந்து கேப்பேனா? அன்னிக்கே ஏன் சொல்லல நீ? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"நீங்க தெரிஞ்சுதான் கேக்கீங்கன்னு நெனச்சேன். நேருக்கு நேரா சொல்ல மனசு வராம, அர்த்தம் கேக்கிற மாதிரி சொல்லுதீங்கன்னு. அதான் நானும் நல்லா வெளக்கிச் சொன்னேன். ஒங்களுக்குக் கஷ்டம் இல்லாம இருக்கட்டும்னு."

அழுகை வந்துவிட்டது. அவளுக்கு இல்லை, எனக்கு. இந்த இடத்தில் நான் அழுவதற்கு எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

"அந்த அம்மாகிட்ட என்னப் பத்தி இன்னா சொன்ன?"

"ஒங்களுக்கு வாரத்துல ஒரு நாளு கூட லீவு கெடையாதுன்னு சொன்னேன். அதுக்கும் நீங்க யெஸ் யெஸ்னு தலையாட்டுனீங்க."

அப்புறம் அவளே சொன்னாள், அண்ணன் போன் செய்தானாம். வார்டனே கூப்பிட்டுக் குடுத்துட்டா, இனி எங்க போவே என்று கேட்டானாம்.

"போன் போட்டீங்களேக்கா. அது மட்டும் நான் எதிர்பாக்கல."

அந்த ஒன்றுக்குத்தான் குரல் உடைந்தது. நான் சேரப்பணஞ்சேரிக்குப் போய்வந்த கதையைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். சொல்லி என்ன, மெடலா குத்தப் போகிறாள்?

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் கிருத்திகை. விடியும்போதே ரோடு முழுக்கக் காவடி, மஞ்சள் துணி, மேளம். வல்லக்கோட்டைப் பக்கம் வண்டி நகரவில்லை.

விக்னேஷ் நேற்றே மெசேஜ். வீடியோ வேண்டுமாம். பெண் தன் வாயால், சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று சொல்ல வேண்டும். நான் என் போனில் எடுத்து அனுப்ப வேண்டும்.

ஏழு மணிக்கு இசக்கி பையோடு கீழே வந்தாள். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, யூனிஃபார்ம் இல்லாமல் ஒரு பச்சைச் சுடிதார். வீடியோ விஷயத்தை ஒருவழியாகச் சொன்னேன். சுவர் ஓரமாகப் போய் நின்றாள்.

"நான் என் சொந்த விருப்பத்தில் ஆஸ்டலைக் காலி செய்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை."

ரேடியோவில் செய்தி படிக்கிற மாதிரி. பாதியில் மேளம் வந்து விழுந்துவிட்டது.

"சத்தம் வந்துட்டுல்லாக்கா? நோ நாய்ஸ்னு சொல்லியிருக்காங்கள்லா. இன்னொரு தடவ எடுத்துக்கிடுங்க."

இன்னொரு தடவை எடுத்தேன். எடுத்தேனே! கையில் போன் ஆடாமல் இருக்கிறதா என்று வேறு பார்த்துக்கொண்டேன்.

டேக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரிய வேண்டாம்க்கா. தெரிஞ்சா எங்கண்ணங்கிட்ட சொல்லாம இருக்க ஒங்களால முடியாது."

கேட் வரைக்கும் கூடப் போனேன். என்னிடம் இருந்த பணத்தை அவள் பையில் திணிக்கப் பார்த்தேன், கையைத் தள்ளிவிட்டாள். போய்த் திரும்பி நின்று சொன்னாள், கோபமாக இல்லை, பாடம் சொல்கிற குரலில்.

"நீங்க போன்னு வாயால சொல்லல. அதனால இது கிக் அவுட் இல்லன்னு மட்டும் நெனச்சுக்கிடாதீங்க."

காவடிக் கூட்டத்தில் பச்சைச் சுடிதார் கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் மஞ்சள்தான்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன்காரன். வெள்ளை வேட்டி, கையில் ஆப்பிள் பை. போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்றேன்.

"ஒரு பொட்டப்புள்ளய வெளிய தள்ளிட்டு, எங்கன்னு தெரியாதுன்னு நிக்கீங்களே, வெக்கமா இல்ல ஒங்களுக்கு?"

"மொதல்ல தள்ளுனது நீ. நான் ரெண்டாவது."

எனக்குள் இத்தனை நாளாக நின்றிருந்தது அவன் மேல் வெடித்தது. வாட்ச்மேன் வந்து விலக்கிவிட்டார். அவனைத் திட்டியதில் எனக்கு ஒரு சுகம் கிடைத்தது. அந்தச் சுகத்தை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

வீடியோ அனுப்பியாயிற்று. பதில்: கட்டை விரல்.

ஜூலை 23, புதன்

மழை, நல்ல மழை. மாடி ஒழுகுகிறது, தார்ப்பாய்க்கு இப்போதுதான் உண்மையான வேலை.

இசக்கி போன் ஸ்விட்ச் ஆஃப். அவளுடைய மேல் கட்டிலில் மறுநாளே ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி. காலையில் பால்காரர், இசக்கி மாதிரி ஒரு பெண்ணை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்றார். பச்சைச் சுடிதாரா என்று கேட்டேன். கவனிக்கலையே என்றார். அப்புறம் என்னத்தைப் பார்த்தார்?

மூன்றரைக்குக் கை தானாகக் கெட்டிலைப் போட்டது. இரண்டு டம்ளர் தண்ணீர். இரண்டையும் நானே குடித்தேன்.

ஜூலை 26, சனி

வெயில் திரும்பிவிட்டது. காஸ் வரவில்லை, மதியத்துக்குப் புளிச்சோறு.

பதினோரு மணிக்கு விக்னேஷ் போன். குரலில் துள்ளல்.

"அக்கா, கஸ்டமரோட ஃபைனல் ரிப்போர்ட் வந்துடுச்சு. ரூமுக்கு ஆறு பேருக்கு மேல கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள செஞ்சு காட்டணும். கம்பெனியும் ஒத்துக்கிச்சு."

நான் போனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது பலித்துவிட்டது! பத்து நிமிஷப் பேச்சு, பெரிய கம்பெனியையே அசைத்துவிட்டது. பக்கத்து மனையில் புதுக் கட்டடம் எழுப்புவார்கள் போல என்று நினைத்தேன். எங்கே இருந்தாலும் இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவள் நம்பரைத் தேடி எடுத்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"மத்தவங்களுக்கு எங்க சார் எடம்?"

"டீட்டெய்ல்ஸ் அனுப்பறேன்க்கா."

அனுப்பினார். ஒரே மெசேஜ். முழுக்க நம்பர்கள், ரூமுக்கு நாலு நாலாக. விரலால் தள்ளத் தள்ளக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அடியில் இரண்டு வரி. கிக் அவுட் பிஃபோர் தர்ட்டி ஃபர்ஸ்ட். ஒன் பை ஒன், நோ நாய்ஸ்.

அர்த்தம் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

'ஓகே சார்' என்று நானே டைப் செய்தேன். தப்பில்லாமல் வந்தது.

ஆனால் நம்பர் மட்டும் தெரிந்து நான் யார் வீட்டுக்குப் போன் போடுவது? சாயங்காலம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் வந்து எல்லோரும் ரூமில் இருக்கும்போது பேனாவும் போனுமாகக் கிளம்பினேன். முதல் ரூம். எல்லோரும் டேக்கைக் காட்டுங்க என்றேன். கட்டிலில் இருந்தவர்கள், தலை வாரிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் கழுத்திலிருந்து எடுத்து நீட்டினார்கள். ராமநாதபுரத்துப் புதுப் பெண் ஓடிவந்து முதலில் நின்றாள். அவள் டேக்கில் பிளாஸ்டிக் உறை கூட இன்னும் கிழியவில்லை.

"எதுக்குக்கா நம்பரு? புது பெட்ஷீட்டு தாராகளா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்றேன்.